வரியிலிருந்து பிறந்த மூலதனம்: தமிழகக் காற்றாலைகளின் முதலீட்டு வரலாறு

பசுமைத் தொழில்நுட்பத்தில் பணம் போட ஆள் கிடைப்பதில்லை என்ற குறை எழும்போதெல்லாம், தொழில்நுட்பம் முதிரவில்லை என்பதும் முதலீட்டாளர்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்பதுமே காரணங்களாகக் கூறப்படுகின்றன. காற்றாலையின் வரலாறு இவ்விரண்டையும் ஐயத்துக்குரியவை ஆக்குகிறது. அனல் மின் நிலையம் வைத்திருப்பவர் நிலக்கரிக்கான செலவை, மின்சாரத்தை விற்றுக்கொண்டே மாதந்தோறும் செய்துவருகிறார். காற்றாலை வைப்பவரோ, காற்று இலவசம் என்றாலும், அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மின்சாரத்தின் செலவில் பெரும்பகுதியை இயந்திரமாக முதல் ஆண்டிலேயே வாங்கிவிட வேண்டியிருக்கிறது. ஆகவே, இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பணத்தை முடக்கத் துணிபவர் யார் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. தமிழ்நாட்டில் அதற்கு 1990-களில் கிடைத்த விடை, எரிசக்தித் துறையோடு நேரடித் தொடர்பில்லாத நூற்பாலை முதலாளி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள் வழியே மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வேகமெடுத்து வருவது புதிய செய்தி அன்று. 1982-இல் மத்திய அரசு மரபுசாரா எரிசக்திக்கெனத் தனித் துறையை அமைத்தது; 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன; பின்னர் டென்மார்க் அரசின் உதவியோடு பெரிய திட்டங்களும் வந்தன; கடன் வழங்குவதற்கென்றே 1987-இல் இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை தோன்றியது. இயந்திரம் ஓடும் என்பதும் மின்சாரம் வரும் என்பதும் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் 1980-களில் தனியார் பணம் வரவில்லை. மின்சாரத்தை வாங்குவதற்கு மின்வாரியம் என்ற ஒரே ஒரு வாடிக்கையாளர் இருக்க, அவர் தரும் விலையும் தரும் நாளும் உறுதியில்லாத நிலையில், செயல்விளக்கம் எவ்வளவு வெற்றி பெற்றாலும் அது கணக்குப் பார்ப்பவரை அசைக்கவில்லை.

அசைத்தது வருமான வரிச் சட்டம். ஓர் இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதாகக் கொண்டு, அக்குறைவை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதிப்பது தேய்மானம் எனப்படும்; அதைப் பல ஆண்டுகளுக்குப் பகிராமல் தொடக்கத்திலேயே பெருமளவில் கழிக்க விடுவது துரிதத் தேய்மானம். காற்றாலைக்கு இந்த விகிதம் 100 சதவீதமாக இருந்தது. இதனுடன், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகள் வழியே கோயம்புத்தூர் ஆலைக்குக் கொண்டுபோகும் உரிமையும், காற்று சீசனில் மிஞ்சும் யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வைத்துக் காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதியும் சேர்ந்தன.

இச்சலுகையின் வலிமையை ஓர் எளிய கணக்கு காட்டும். 1990-களின் நடுவில் நிறுவனங்களின் வருமான வரி, கூடுதல் வரியோடு சேர்த்து, 46 சதவீதம். நல்ல லாபத்தில் ஓடும் ஓர் ஆலை ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்குவதாகவும், அதில் 70 லட்சம் கடன், 30 லட்சம் கைப்பணம் என்றும் கொள்வோம். தேய்மானம் கைப்பணத்துக்கு மட்டுமன்றி ஒரு கோடி முழுவதற்கும் கிடைப்பதால் அந்த ஆண்டு மிச்சமாகும் வரி 46 லட்சம். அதாவது, முதல் ஆண்டிலேயே போட்ட கைப்பணத்தைவிடக் கூடுதலான தொகை வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. கண்டிப்பாகச் சொன்னால் இது வரியைத் தள்ளிப்போடுவதுதான், பிற்காலத்தில் மின்சார வருமானத்துக்கு வரி கட்டியாக வேண்டும். ஆனாலும் வட்டி உயர்ந்திருந்த அக்காலத்தில் தள்ளிப்போடுவதே பெரிய ஆதாயம்.

ஆகவே முப்பந்தல், ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் திரண்ட மூலதனம் காற்றை நம்பி வந்தது என்பதைவிட, மார்ச் மாத வரிக் கணக்கை நம்பி வந்தது என்பதே பொருந்தும். ஓர் ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட சொத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பது விதி. முழுச் சலுகை வேண்டியவர் செப்டம்பர் முடிவதற்குள்ளும், பாதியாவது போதும் என்பவர் மார்ச் 31-க்குள்ளும் இயந்திரத்தை இயக்கிக் காட்ட வேண்டியிருந்ததால், காற்றின் பருவத்தைவிட நிதியாண்டின் பருவமே நிறுவும் வேலையை முடுக்கியது. விளைச்சலைப் பொறுத்தல்லாமல் விலையைப் பொறுத்துச் சலுகை கிடைத்தபடியால், இடத்தேர்வையும் பராமரிப்பையும் பற்றிக் கவலைப்படச் சட்டம் எவரையும் வற்புறுத்தவில்லை.

இந்த அமைப்பு எவ்வளவு மெலிந்த தூணில் நின்றது என்பது விரைவிலேயே வெளிப்பட்டது. எத்தனை சலுகை இருந்தாலும் கணக்கேட்டில் லாபம் காட்டும் நிறுவனம் குறைந்தபட்சம் ஓரளவு வரி கட்டியே தீர வேண்டும் என்னும் குறைந்தபட்ச மாற்று வரி 1996-இல் வந்தது. அடுத்த ஆண்டே நிறுவன வரி விகிதம் 35 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டுமே காற்றாலைக்காகக் கொண்டுவரப்பட்டவை அல்ல. ஆயினும் 1995-96-இல் ஏறத்தாழ 380 மெகாவாட்டாக இருந்த நாட்டின் புதிய காற்றாலை நிறுவுதிறன், இரண்டே ஆண்டுகளில் 70 மெகாவாட்டுக்கும் கீழே இறங்கியது. காற்று அதே காற்று, இயந்திரமும் அதே இயந்திரம். வாங்குபவரின் வரி மட்டுமே மாறியிருந்தது.

அதற்குப் பின்னும் தாக்குப்பிடித்தவர்கள் மின்சாரத்தையே பொருட்டாகக் கொண்டவர்கள். பஞ்சுக்கு அடுத்தபடியாக மின் கட்டணம் கடிக்கும் தொழில் நூற்பு. சொந்தக் காற்றாலையில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்தின் உயரழுத்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தியது. 1995-இல் சுஸ்லான் நிறுவனத்தைத் தொடங்கிய துளசி தாந்தியும் குஜராத்தில் தம் துணி ஆலைக்காகக் காற்றாலை வாங்கி இத்துறைக்கு வந்தவரே. நிலம் பார்ப்பது முதல் பராமரிப்பு வரை அனைத்தையும் விற்பவரே ஏற்கும் முறையை அந்நிறுவனம் பரவலாக்கியது, காற்றைப் பற்றி ஒன்றும் அறியாத முதலீட்டாளருக்காகவே அமைந்த முறை அது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 2005-இன் விதிகளும், 26 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டு 51 சதவீத மின்சாரத்தைப் பயன்படுத்தும் நுகர்வோர் குழுவைச் சொந்த உற்பத்தியாளராக ஏற்றன. 'குரூப் கேப்டிவ்' என வழங்கும் இம்முறையால் தனியாக ஒரு காற்றாலை வாங்க இயலாத சிறு ஆலைகளும் பங்குதாரர்களாயின. இந்த வரலாற்றைப் பொறியியல் ஏடுகளில் தேடுவதைவிட வரி வழக்குகளில் தேடுவது பயன் தரும். காற்றாலையின் பழைய நட்டம் பிற வருமானத்தோடு முன்பே ஈடுகட்டப்பட்டிருந்தால், மின் உற்பத்தி லாபத்துக்குப் பின்னர் அளிக்கப்பட்ட பத்தாண்டு வரிவிலக்கைக் கணக்கிடும்போது அதை மீண்டும் குறுக்கே கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு, வேலாயுதசாமி நூற்பாலை வழக்கில் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

2000-களின் தொடக்கத்தில் 80 சதவீதமாகக் குறைந்திருந்த துரிதத் தேய்மானம் 2012 ஏப்ரலில் விலக்கப்பட்டது. உற்பத்தியான யூனிட்டுக்கு 50 காசு என 2009-இல் தொடங்கிய ஊக்கத்தொகையும் அதே வேளையில் முடிவுற்றது. விலைக்கு அன்றி விளைச்சலுக்குப் பணம் தந்த அந்த ஊக்கத்தொகையே முந்தைய குறையைத் திருத்தக்கூடிய கருவி என்பதால், இரண்டையும் ஒருசேர நிறுத்தியது புரிந்துகொள்ளக் கடினமான முடிவு. அதற்கு முந்தைய ஆண்டு 3,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த வளர்ச்சி ஏறத்தாழ பாதியானது. 2014-இல் தேய்மானச் சலுகை மீண்டும் வந்தது. 2017-இல் அது 40 சதவீதமாகக் குறைந்ததோடு, அரசு நிர்ணயித்த விலைக்குப் பதிலாக ஏலமும் புகுந்தது. பிப்ரவரியில் யூனிட்டுக்கு 3.46 ரூபாய், அக்டோபரில் 2.64 ரூபாய் என ஏல விலை சரிய, நூற்றுக்கணக்கான மெகாவாட்டை ஒரே கையெழுத்தில் எடுக்கும் பெருநிறுவனங்களுக்கும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும் பன்னாட்டு நிதியங்களுக்கும் களம் சாதகமாயிற்று. ஒன்றிரண்டு இயந்திரங்களோடு வந்த ஆலை முதலாளிக்கு அந்த ஏலத்தில் இடமில்லை.

அவர் விட்டுச்சென்றவை இன்னமும் நிற்கின்றன. மாநிலத்தின் மிகச் சிறந்த காற்றுள்ள நிலங்களில், நவீன இயந்திரத்தின் பத்தில் ஒரு பங்குத் திறன்கூட இல்லாத 225, 250 கிலோவாட் காற்றாலைகள் தாழ்ந்த கோபுரங்களில் சுழல்கின்றன. அவற்றை நீக்கிப் பெரியவற்றை நிறுவ 2024-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் ஒரு பெரிய இயந்திரத்துக்குத் தேவைப்படும் இடைவெளியில் இன்று பல உரிமையாளர்களின் சிறு இயந்திரங்கள் நிற்கின்றன. கடனும் தேய்மானமும் தீர்ந்துபோன அந்த இயந்திரங்கள் தரும் யூனிட் அவர்களுக்கு ஏறக்குறைய இலவசம். புதியதற்கு மாறினால் பழைய பேங்கிங் உரிமை நிலைக்குமா என்பதே அவர்கள் எழுப்பும் முதல் கேள்வியாக இருக்கிறது.