ஏலாக்குறிச்சி மனையின் மூலம்

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சியை வீரமாமுனிவரின் திருக்காவலூராகத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். 1680-ல் இத்தாலியில் பிறந்த அவர் இங்கே அடைக்கல மாதா கோயிலைக் கட்டினார். நோய் தீர்ந்த நன்றிக்கு அரியலூர் மழவராயர் அந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது கோயில் மரபு. முதன்முதலாக வீட்டுமனையில் பணம் போட நினைப்பவருக்கும் இந்தப் பழங்கதை வேண்டியதுதான். இந்தப் பகுதியில் ஒரு துண்டு நிலம் யாரிடமிருந்து யாருக்கு, என்ன உரிமையில் வந்தது என்பதுதான் அதன் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. விலையைப் பேசுவதற்கு முன் மூலத்தைப் பார்க்க வேண்டும் என்பது வெறும் எச்சரிக்கை வார்த்தை இல்லை, இந்த வட்டாரத்தின் வரலாறே அதற்குக் காரணம்.

அரியலூரும் உடையார்பாளையமும் முன்பு பாளையங்கள், பிறகு ஜமீன்கள். 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் ஜமீன் எஸ்டேட்டுகளை அரசிடம் சேர்த்து, உழுதவர்களுக்கு ரயத்துவாரி பட்டா கிடைக்க வழி செய்தது. கோயில்களுக்கும் ஊழியக்காரர்களுக்கும் விடப்பட்டிருந்த இனாம் நிலங்களை 1963-ல் வந்த சட்டங்கள் ஒழுங்குபடுத்தின. இவற்றோடு, மக்கள் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்த கிராம நத்தம் ஒருபக்கம், ஆறும் ஏரியும் வாய்க்காலும் சேர்ந்த புறம்போக்கு இன்னொரு பக்கம். ஆகவே ஒரே சாலையோரம் கல் நட்டுக் கிடக்கும் நான்கு மனைகள் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஒன்று பழைய பட்டாக் கொல்லையாகவும், ஒன்று நத்தமாகவும், ஒன்று இனாமாகவும், ஒன்று வாய்க்கால் கரையாகவும் இருக்கக்கூடும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடுதான் அந்த வேறுபாட்டைக் காட்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரார் சொல்லும் யூ.டி.ஆரில், பெயர் மாறி ஏறிய பட்டாக்களும் உண்டு. அதனால் பட்டாவை மட்டும் நம்பவும் முடியாது.

“பத்திரம் பதிவாகிவிட்டது, அரசு முத்திரையே விழுந்துவிட்டது, இதற்கு மேல் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி நூறு ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்தின் கிரயம் பதிவான பத்திரத்தால்தான் நடக்க முடியும். ஆனால் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவு செய்வது ஆவணத்தை. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. பழைய பத்திரம் ஒன்றை எடுத்து அதன் சக்குபந்தியை, அதாவது நாற்புற எல்லை விவரத்தைப் படித்துப் பாருங்கள்: ‘வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் கொல்லைக்குக் கிழக்கு’ என்று போகும். வாய்க்கால் தூர்ந்து, வண்டிப்பாதை தார்ச்சாலையாகி, அந்தக் கொல்லை நான்கு பேருக்குப் பாகமாகியிருக்கும். எல்லையைச் சர்வே எண்ணோடும் புலப்படத்தோடும் ஒத்துப்பார்த்து அளந்தால் ஒழிய, வாங்கியது எந்த இடம் என்றே சொல்ல முடியாது. வில்லங்கச் சான்றும் பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் வராது. மகள்களின் கையெழுத்து இன்னும் பெரிய விஷயம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் விரித்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட கிரயம் பின்னால் நீதிமன்றத்துக்குப் போவதற்கு இதுவே காரணம். பவர் பத்திரத்தை வைத்தே சொத்து கைமாறியதாகக் கொள்ளும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011-ல் ஏற்க மறுத்துவிட்டது.

விளைநிலத்தைக் கூறு போட்டு விற்ற காலத்துக்கும் ஒரு திருப்பம் வந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த வழி விட்டன. அந்த அங்கீகாரம் மனைப்பிரிவின் அமைப்புக்கானது. நிலம் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இவ்வளவும் பார்த்துக்கொண்டிருந்தால் விலை ஏறிவிடும், வேறொருவர் முந்திவிடுவார் என்ற வாதமே புதியவர்களை அதிகம் அவசரப்படுத்துகிறது. அந்த வாதம் கிராமத்தில் செல்லாது என்றே நினைக்கிறேன். பெருநகரத்தைப்போல மாத வாடகை வந்து முதலைத் தாங்கும் இடமல்ல இது. இங்கே லாபம் என்பது மறுவிற்பனையில்தான். அன்றைக்கு வாங்க வருபவரின் வழக்கறிஞரும் கடன் தரும் வங்கியும் இதே மூலப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள். பதில் இல்லாத மனைக்கு ஏறிய விலை ஏட்டில் மட்டுமே இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் மூலப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கம், ‘அ’ பதிவேடு, புலப்படம், வாரிசுகள் அனைவரின் சம்மதம் ஆகியவற்றைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.