குதிரை வந்தது, பக்குவம் வரவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பரணில் கிடந்த பழைய பாடக்குறிப்பு நோட்டுகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டு ஒன்று கைக்கு வந்தது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின என்ற குறிப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. நான் போட்டதுதான். ஏன் போட்டேன் என்பதும் உடனே நினைவுக்கு வந்துவிட்டது.

அந்தப் பாடத்தை நடத்திய அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், வருசா வருசம் எதுக்கு காசு குடுத்து வாங்கணும்? ஒருக்கா ஆணும் பொட்டையுமா வாங்கியாந்து நம்மூர்லயே குட்டி போட வெக்கலாமில்ல?" என்று கேட்டான். வீட்டில் மாடு கன்று வைத்திருந்த குடும்பத்துப் பையன். வகுப்பே சிரித்தது. மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "நம்ம ஊர் வெயில் குதிரைக்கு ஒத்துக்காது, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

அரேபியாவில் இல்லாத வெயிலா? அன்று எவரும் என்னை அப்படித் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கே வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தப் பதிலைத்தான் இன்று திருத்தப் போகிறேன்.

1290களில் நம் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இந்தக் குதிரை வியாபாரத்தைப் பற்றி விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய நாட்டை அரபு வணிகர்கள் 'மாபார்' என்பார்கள். அவரும் அந்தப் பெயரையே சொல்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்திலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலில் வந்து நிற்கும். அங்கே ஆண்ட ஐந்து அரசர்களில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குவார்களாம். ஆண்டு முடியும்போது அதில் 100கூட உயிரோடு இருக்காதாம்.

வெனிஸ்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவர் என்று ஒதுக்கிவிட முடியாது. பாரசீகத்து வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாப்பும் ஏறக்குறைய அதே காலத்தைப் பற்றி அதே கதையைத்தான் எழுதுகிறார். கிஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் தன் லாயத்திலிருந்தே ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டியருக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் பணம் கொடுத்தாக வேண்டும்! ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியரிடமே அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைமுகங்களுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார். விற்கிறவர் அண்ணன், வாங்குகிற இடத்தில் தம்பி. நான் விளக்கம் எதுவும் சொல்லப் போவதில்லை.

சரி, ஏன் செத்தன? சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. வறுத்த பார்லி, நெய் சேர்த்துப் பக்குவம் செய்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று பட்டியல் போடுகிறார் வஸ்ஸாப். இன்னொன்றும் சொல்கிறார். வந்து இறங்கிய குதிரையை முளையடித்துக் கயிற்றில் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் நிற்க வைப்பார்கள். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், பேய் மாதிரி ஏறி ஓட்டுவார்கள். காற்றாய்ப் பறந்த குதிரை கொஞ்ச நாளில் எதற்கும் உதவாமல் போய்விடும். ஆண்டுதோறும் புதிது வாங்கியே தீர வேண்டும்.

இதை நான் வெகுநாள் 'வெளிநாட்டுக்காரர் கேலி' என்றுதான் நினைத்திருந்தேன். கோபிப் பக்கம் இருக்கும் என் தம்பி மகன் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினானே, அதற்குப் பிறகுதான் இதன் உண்மை புரிந்தது. சொந்தக்காரர்களுக்கு இந்தக் கதை தெரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

வாங்கிய முதல் வருடம். மாட்டுப்பொங்கலன்று மாட்டுக்கு வைத்த மாதிரியே குதிரைக்கும் ஒரு பெரிய தட்டு சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டான், ஆசையாக. நெய் மணக்க மணக்க. நானும் பக்கத்தில் நின்று குங்குமம் வைத்தவள்தான். பொழுது சாய்வதற்குள் குதிரை முன்காலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. தொப்பென்று விழுந்து புரண்டது. வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. தம்பி மகன் அழாத குறையாக, பக்கத்து ஊரில் ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டிய பாய் ஒருவருக்கு போன் போட்டான். அவர் கேட்ட முதல் கேள்வி, "லத்தி போட்டுச்சா?" அடுத்து, "என்ன குடுத்தே?" பொங்கல் என்றதும் அந்தப் பக்கம் இரண்டு நிமிடம் வசவு. பிறகு, "தீனி எல்லாத்தையும் எடு. படுத்துப் புரள விடாம மெதுவா நடக்க வை. டாக்டருக்கு போன் பண்ணு, நான் வர்றேன்" என்றார். வந்தார். டாக்டரும் வந்தார். விடியற்காலை நாலு மணிக்குக் குதிரை லத்தி போட்டது. ஒரு வீடே கூடி நின்று அதற்காக சந்தோஷப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். மாட்டுக்கு இருக்கிற அசைபோடும் ஏற்பாடு குதிரைக்குக் கிடையாது. உடம்பு அவ்வளவு பெரிது, இரைப்பை மட்டும் சிறிது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடம்பு. ஒரே நேரத்தில் மாவுப்பொருளை அள்ளிக் கொட்டினால் குடலில் புளித்துக் காற்று சேரும். வாந்தி எடுக்கவும் குதிரையால் முடியாது. வயிற்றோடு போகாமல் குளம்பு வீங்கி நிரந்தரமாக நொண்டியாவதும் உண்டு.

அந்த நாற்பது நாள் கட்டிவைத்தலுக்கும் விடை கிடைத்தது. வண்டிக் குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை, தீனி மட்டும் வழக்கம்போல முழுசாக. திங்கள் காலை வண்டியில் பூட்டினால் தசை இறுகிக் கல்லாகிவிடும், நடக்க முடியாது. சீமையில் இதற்குப் பெயரே 'திங்கட்கிழமை காலை நோய்'. (நம் வகுப்பில் பல பேருக்கு இருந்ததே, அது வேறு.) ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே இந்தப் பாடு என்றால், நாற்பது நாள் நெய்ச்சோறு தின்று கட்டுத்தறியில் நின்ற குதிரையின் மேல் வீரன் ஏறிக் குதித்தால் என்ன ஆகும்?

ஆகவே வெயில் மட்டும் காரணம் இல்லை. கத்தியவார், மார்வார் எல்லாம் வெயில் கொளுத்துகிற பூமிதான். அங்கே குதிரை இனங்களே உருவாகி நிலைத்திருக்கின்றன. நம் ஊரில் இல்லாதது பக்குவம். அது தெரிந்தவர்கள் வரவும் இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்த, லாடம் கட்டத் தெரிந்த ஆட்களை வணிகர்கள் கூட்டி வருவதில்லை, அவர்களாக வருவதற்கும் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் வியாபாரம் என்கிறார் மார்க்கோ போலோ. இது எந்த அளவுக்குத் திட்டமிட்டு நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் செத்தால் விற்றவனுக்கு லாபம், பிழைத்தால் நஷ்டம் என்று இருக்கும் வியாபாரத்தில், பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? இருநூறு வருடம் கழித்து விஜயநகரத்திலும் இதே நிலைதான். சாளுவ நரசிம்மர் குதிரை கடலில் செத்துவிட்டால் அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை கொடுத்துவிடுவார் என்று நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதியிருக்கிறார். வாலுக்கு விலை!

அப்படியானால் நமக்குக் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதா? தெரியும். நளன் கதையைப் பாருங்கள். உருமாறித் தேரோட்டியாக இருந்த நளன், இருதுபன்னனுக்குக் குதிரை நூலைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்குச் சூதாட்டத்தின் கணக்கைக் கற்றுக்கொள்கிறான். அறிவைக் கைமாற்றிக்கொள்ளும் அழகான கதை. விராடன் அரண்மனையில் நகுலன் குதிரைக்காரனாகத்தான் ஒளிந்திருந்தான். அவன் பெயராலேயே வழங்கும் அசுவ சாஸ்திரம் தஞ்சை சரசுவதி மகாலில் படங்களோடு இருக்கிறது. 1952இல் அச்சாகியும் வந்தது. ஆனால் அது வடமொழிச் சுவடி. லாயத்தில் முளையடித்துக் கட்டுகிறவன் கைக்கு அது எப்படி வந்து சேரும்?

என் கடைசி பெஞ்சுப் பையனுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் மாட்டை மனதில் வைத்துக்கொண்டு கேட்டான். நம் கொங்குப் பக்கத்தில் காங்கேயம் மாட்டைப் பற்றித் தெரியாத வீடு உண்டா? எது அசைபோடவில்லை, எதற்கு என்ன கசாயம், எந்தக் காளைக்கு எந்தப் பசு என்று கொழுக்கட்டைப் புல் முளைத்த கொரங்காட்டு வேலியோரம் நின்று பேசிப் பேசியே நான்கு தலைமுறை அறிவு சேர்ந்துவிடும். மாடு எல்லார் வீட்டிலும் இருந்தது. பாண்டியர் குதிரையோ அரண்மனைச் சொத்து. செத்தால் கருவூலம் கொடுக்கும். அதை இழந்து அழுகிற ஒரு குடும்பம் இல்லை. வேலியோரம் நின்று "உன் குதிரை எப்படி இருக்கு?" என்று கேட்க இன்னொரு குதிரைக்காரன் இல்லை. குதிரையை வாங்குகிறவர்கள் இருந்தார்கள், வளர்க்கிறவர்கள் ஒரு கூட்டமாகச் சேரவில்லை. சேராத இடத்தில் இனம் எப்படி நிலைக்கும்?

கூட்டமாகச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். கிரேக்கத்தில் ஸெனபோன் என்பவர் ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். பெரிய படைத்தலைவர். ஆனாலும், என் இளைய நண்பர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன் என்றுதான் தொடங்குகிறார். எனக்கு முன்பே சைமன் எழுதியிருக்கிறார், அவரும் நானும் ஒத்துப்போகும் இடங்களை நீக்க மாட்டேன், அவர் விட்டதைச் சேர்க்கிறேன் என்று ஒரு மரியாதை வேறு. லாயத்துக்கு வெளியே கைப்பிடி அளவு உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டிப் பரப்பு, அதன்மேல் நின்று நின்று குளம்பு உரம் பெறும் என்கிறார். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்கிறார். (வகுப்பறைக்கும் பொருந்தும். எனக்குப் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் படிக்கக் கிடைத்தது.)

அவருக்கும் ஆயிரம் ஆண்டு முந்தியவர் கிக்குலி. மித்தானி நாட்டுக்காரர். பக்கத்து ஹிட்டைட்டுகளுக்குத் தேர்க் குதிரையைப் பழக்கும் முறையை நாள்வாரியாகச் சொல்ல, அது களிமண் பலகைகளில் எழுதப்பட்டு இன்றைய துருக்கியில் கிடைத்தது. இத்தனை சுற்று ஓட்டு என்று சொல்லுமிடத்தில் ஐந்துக்கு 'பன்ஸ', ஏழுக்கு 'சத்த' என்று வருகிறது. நம் பஞ்சமும் சப்தமும்தான்! ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டுக்கு எதையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஹோர்முஸ் வியாபாரிக்கு நேர் எதிர்.

நம் பக்கத்திலும் அப்படி ஒரு கூட்டம் இன்று இருக்கிறது. போன ஆடியில் தம்பி மகன் என்னை அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் கூட்டிப் போனான். நான் போனது பர்கூர் மாடு பார்க்க. நின்றது முழுக்கக் குதிரைகளிடம். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, கத்தியவார், பால்வெள்ளை நுக்ரா. வைத்திருப்பவர்கள் யாரும் ராஜாக்கள் இல்லை. தேங்காய் வியாபாரி, லாரி டிரைவர், இன்னும் மீசை முளைக்காத கல்லூரிப் பையன். ஒருவர் பல்லைப் பார்த்து வயசு சொல்கிறார். ஒருவர் சுழி பார்க்கிறார். சுழியில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அங்கே சொன்னால் அடிக்க வருவார்கள். "லாரியில ஏற மாட்டேங்குதுங்க" என்று ஒருவர் சொல்ல, முன்பின் தெரியாத இன்னொருவர், "லகானைப் பிடிச்சு இழுக்காதீங்க. நிக்கிற லாரிக்குள்ளயே நாலு நாள் தீனி வைங்க, அதுவா ஏறும்" என்கிறார். கொள்ளை எத்தனை மணி நேரம் ஊற வைப்பது என்பதில் மட்டும் அரை மணி நேரச் சண்டை.

நம்ம ஜட்கா பாயும் வந்திருந்தார். அவர் ராவுத்தர். குதிரை வீரன் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று கூப்பிட்டிருக்கிறார். எழுபதைத் தாண்டிய அவரைச் சுற்றி எப்போதும் பத்து இளவட்டங்கள். அவர் பழகிய குட்டி ஒன்று அன்று விலை போனது. பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்ட பிறகும் வாங்கியவரை அவர் விடவில்லை. ஒரு சாக்கில் பத்து நாளைக்கான தீனியைக் கட்டிக் கொடுத்தார். "இத்தனை நாளும் இதைத்தான் தின்னுச்சு. ஒரே நாள்ல மாத்திடாதே. உன் தீனியைக் கொஞ்சம், என் தீனியைக் கொஞ்சம்னு கலந்து குடு. படுத்துப் புரண்டா எந்த நேரமானாலும் போன் பண்ணு" என்று, தன் நம்பரை வாங்கியவர் போனில் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் கயிற்றைக் கைமாற்றினார்.

எனக்குக் காயல் துறை ஞாபகம் வந்தது. அந்தப் பையனும் ஞாபகத்துக்கு வந்தான். அவன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுத மாட்டேன். அந்த வருடத்து ஏழாம் வகுப்பில் படித்தவர்கள் யாராவது இன்னும் அவனோடு பேச்சில் இருந்தால் இதைக் காட்டுங்கள். 'உட்கார்' என்று சொன்ன டீச்சர் பதில் எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.