அவசர ஊர்தி: வண்டி மட்டும் போதுமா?

சாலவாக்கத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தாலோ, கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையில் ஒருவர் அடிபட்டாலோ, முதலில் நம் நினைவுக்கு வருவது உத்திரமேரூர். அங்கு முடியாதென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இடைப்பட்ட நேரத்தில் நோயாளியின் உயிர் வண்டியில்தான் இருக்கிறது. எனவே நம் ஜமாஅத்துக்கென ஓர் ஆம்புலன்ஸ் வாங்க வேண்டும் என்ற கோரிக்கை பொதுக்குழுவில் எழுந்தபோது அனைவரும் மகிழ்ந்தோம். எந்த வண்டி, பழையதா புதியதா, வீட்டுக்கு எவ்வளவு வசூல் என்றெல்லாம் நெடுநேரம் பேசினோம். வண்டிக்குள் என்ன இருக்க வேண்டும், யார் இருக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கேள்விக்கு வரலாறு தரும் விடையை இங்கே எழுத முனைகிறோம்.

காயம்பட்டவரை விரைந்து கொண்டு செல்லத் தனி வண்டி வேண்டும் என்ற எண்ணம் போர்க்களத்தில் உருவானது. 1790களில் பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, குதிரைகள் இழுக்கும் இலகுவான வண்டிகளை அமைத்து, போர் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்களை மீட்கச் செய்தார். வண்டியோடு மருத்துவம் அறிந்தவர்களும் சென்றனர் என்பதே அதன் சிறப்பு. ஆனால் இந்தப் பாதி பின்னர் பல நாடுகளில் மறக்கப்பட்டது.

செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவிலேயே 1960கள் வரை நிலைமை எப்படி இருந்தது என்பதை அறிந்தால் நம்மவர் வியப்படைவர். அங்கு ஏறத்தாழப் பாதி ஊர்களில் ஆம்புலன்ஸ் நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். காரணம் எளியது: ஒரு மனிதரைப் படுக்க வைத்துக் கொண்டு செல்லும் நீளமுள்ள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வேறு நகரங்களில் போலீஸ் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சென்றனர். 1966ஆம் ஆண்டு அந்நாட்டு தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை இந்த அவலத்தை வெளிச்சமிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ், பிட்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டத்தில் இதயம் நின்று சாய்ந்தார். போலீஸ் வண்டியில் கொண்டு செல்லப்பட்ட அவர் சில நாட்களில் இறந்தார். அவ்வூர் மருத்துவர் பீட்டர் சாஃபர், இதய நுரையீரல் உயிர்ப்பிப்பு முறையை வகுத்தவர்களுள் ஒருவர். அதே 1966இல் தம் மகளை ஆஸ்துமா நோய்க்குப் பறிகொடுத்தவர்.

1967இல் அவர் துணையோடு தொடங்கியதே ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை. வேலையற்றிருந்த கறுப்பின மக்களைத் தேர்ந்தெடுத்து, சுவாசக் குழாய் பொருத்துவது வரை பயிற்சியளித்தனர். படிப்பை முடிக்காதவர்கள் என்று ஊரார் ஒதுக்கிய அவர்களே அந்நாட்டின் முதல் தேர்ந்த மருத்துவ உதவியாளர்களுள் இடம்பெற்றனர். 1975இல் மாநகராட்சி அச்சேவையை மூடிவிட்டுத் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. ஆயினும் அவர்களின் பயிற்சி முறை நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்திற்கு அடிப்படையாயிற்று. பெரிய வண்டியோ பெரிய பணமோ அல்ல, பயிற்சிதான் அங்கே புதிதாக வந்தது.

கராச்சியின் அப்துல் சத்தார் ஈதி அவர்களை நம் மக்கள் நன்கறிவர். 1957இல் பரவிய ஃபுளூ காய்ச்சலின்போது ஏழைகளுக்கு உதவ இறங்கியவர், நன்கொடையாகக் கிடைத்த பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கினார். 2016இல் அவர் மறையும்போது அச்சேவை உலகின் மிகப்பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவையாகப் பெயர் பெற்றிருந்தது. அந்த மாமனிதரைப் போற்றும் அதே வேளையில், அவ்வண்டிகளில் பெரும்பாலானவை நோயாளியைக் கொண்டு சேர்ப்பவையே தவிர, வழியில் சிகிச்சையளிப்பவை அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் அதுவே பெரும் பேறு.

நம் தமிழகத்திலும் நெடுங்காலம் அதுவே நிலை. அறக்கட்டளைகளும், சங்கங்களும், தமுமுக போன்ற அமைப்புகளும் வாகனங்களை இயக்கின, இன்றும் இயக்குகின்றன. 2008 செப்டம்பர் 15 அன்று 108 சேவை தொடங்கியபோதுதான் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வண்டியில் வருவது சிற்றூர்களுக்கும் எட்டியது.

தனியார் வண்டிகளின் நிலை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவரை மூச்சுத்திணறலோடு ஒரு வாடகை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பாதி வழியில் பார்த்தால் ஆக்சிஜன் சிலிண்டர் காலி. அதைக் கவனிக்கத் தெரிந்தவரும் உள்ளே இல்லை. அல்லாஹ்வின் கிருபையால் அவர் பிழைத்தார். வண்டியின் மேலே விளக்கும் ஒலியும் மட்டும் குறைவின்றி இருந்தன!

எது ஆம்புலன்ஸ் என்று நம் நாட்டில் தெளிவான தரவரையறை நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரல் 1 முதல்தான். ஏ.ஐ.எஸ். 125 எனப்படும் அவ்விதி நான்கு வகைகளைக் கூறுகிறது. முதலாவது, விரைந்து சென்று முதலுதவி அளிக்கும் இருசக்கர வாகனம் போன்றது. இரண்டாவது, ஆபத்து நிலையில் இல்லாத நோயாளியைக் கொண்டு செல்வது. மூன்றாவது அடிப்படை உயிர்காப்பு வசதியும், நான்காவது உயர்நிலை உயிர்காப்பு வசதியும் கொண்டவை. ஆனால் இவ்விதி வண்டியின் அமைப்பைப் பற்றியது. உள்ளே அமர்பவரின் திறமையை அது உறுதி செய்யாது.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். ஒரே வண்டியை ஜனாஸாவுக்கும் நோயாளிக்கும் பயன்படுத்தினால் செலவு மிச்சம் என்று சிலர் கூறுகின்றனர். மய்யித்தைச் சுமந்த வண்டியில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தையை ஏற்றுவதற்கு முன் கழுவித் தூய்மை செய்ய நேரம் இருக்குமா? கபுரஸ்தானுக்குச் சென்றிருக்கும் வேளையில் பிரசவ வலி என்று அழைப்பு வந்தால் என்ன செய்வது? அமெரிக்கர் கைவிட்ட வழக்கத்தை நாம் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை என்பதே நம் கருத்து.

ஆகவே நிர்வாகக் குழு இரண்டு மதிப்பீடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறது. ஜனாஸாவுக்கு எளிய வண்டி ஒன்று. நோயாளிகளுக்கு மேற்கூறிய இரண்டாம் வகை வண்டி ஒன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் முதலில் 108ஐ அழைப்பது. அது வரத் தாமதமானால் மட்டும் நம் வண்டி. ஆக்சிஜன் அளவை ஒவ்வொரு ஜுமுஆ நாளும் பார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுவது. நோயாளியுடன் செல்ல ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரும் முதலுதவிப் பயிற்சி பெற வேண்டும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இத்தகைய பயிற்சியை அளிக்கின்றன. விருப்பமுள்ளோர் தம் பெயரைச் செயலாளரிடம் தரலாம்.