ஆமுன் முதல் அமோனியா வரை: ஆம்பூர்த் தோல் தொழிலில் ஓர் எகிப்தியக் கடவுளின் பெயர்

1. பொருள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை டேனரிகளுக்கு வந்திறங்கும் மூட்டைகளில் அமோனியம் குளோரைடும் அமோனியம் சல்பேட்டும் உண்டு. அப்பெயர்களின் வேர், எகிப்தின் தீப்ஸ் நகரத்துக் கடவுளான ஆமுன். அவன் பெயரைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுவந்தது வழிபாடும் அல்ல, படையெடுப்பும் அல்ல, ஓர் உப்பு. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

2. தோற்றம்

பண்டை எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் காட்டாது. எனவே கல்வெட்டுகளில் நமக்குக் கிடைப்பது பெயரின் மெய்யொலிகள் மட்டுமே. 'மறைந்திருப்பவன்' என்று அதற்குப் பொருள் சொல்வர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்கெனாத்தென் என்ற மன்னன் சூரியத் தட்டான ஆத்தெனின் வழிபாட்டை நிலைநாட்ட முனைந்து, ஆமுனின் பெயரைக் கோயில் சுவர்களிலிருந்து கொத்தி எடுக்கச் செய்தான். பின்வந்த தூத்தன்காத்தென் தூத்தன்காமுன் எனப் பெயர் மாற்றிக்கொண்டபோது ஆமுன் மீண்டுவிட்டான் என்பது தெளிவாயிற்று.

கிரேக்கர் அவனை அம்மோன் என்றனர். சீவா பாலைச்சோலையில் அவனது குறிசொல்லும் கோயில் இருந்தது, கி.மு. 331இல் அலெக்சாண்டர் அங்கே சென்றான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒற்றுமையைக் கண்டு நம் அம்மனையும், செபத்தின் ஆமெனையும், விவிலியத்து அம்மோன் புத்திரரையும் ஆமுனோடு முடிச்சுப் போடுவது ஆய்வாகாது. ஆம்பூரையும் இழுக்க வேண்டாம். விவிலியத்தில் உண்மையான உறவு நாகூம் நூலின் நோ அம்மோனுக்கு உண்டு; அது தீப்ஸ் நகரின் பெயர்.

3. உப்பின் இரு வழிகள்

அம்மோனின் உப்பு என்ற பெயர் இலத்தீனில் தொடக்கத்தில் வேறோர் உப்பைக் குறித்தது. உரோம எழுத்தாளர் பிளினி அதற்கு மணலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை மூலமாகக் காட்டினார். உப்பு கிடைத்த நாடே அம்மோனின் நாடாக இருக்கையில் அவ்விளக்கம் வலிந்த ஒன்றாகவே படுகிறது. பிற்காலத்தில், எகிப்தில் ஒட்டகச் சாணத்தை எரித்த புகைக்கரியிலிருந்து எடுத்த உப்புக்கு, அதாவது அமோனியம் குளோரைடுக்கு, அப்பெயர் வந்து சேர்ந்தது.

கிழக்கே அதே உப்பு வேறு பெயரில் நடந்தது: பாரசீகத்தில் நுஷாதிர், உருதுவில் நௌசாதர், தமிழில் நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் கையிலும் சித்த மருந்துக் கடையிலும் இருப்பது இதுவே.

1770களில் வேதியியலர் பிரீஸ்ட்லி நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கி ஒரு வாயுவைப் பிரித்தார். 1782இல் இன்னொரு வேதியியலர் பெர்க்மன் அதற்கு அமோனியா என்று பெயரிட்டார். ஆமுனை ஆட்டுக்கொம்போடு சித்திரிப்பர்; அக்கொம்பு இன்னொரு கிளை விட்டது: அரியலூர்ப் பாறைகளில் கிடைக்கும் சுருள் புதைபடிவமாகிய அம்மோனைட்டின் பெயர் அதிலிருந்து வந்தது.

4. டிரம்முக்குள்

மயிர் கழிய, சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறிய தோல் வீங்கித் தடித்திருக்கும். அந்தச் சுண்ணாம்பை வெளியேற்றுவதே டீலைமிங். தோலை டிரம்மில் போட்டு, தண்ணீரும் அமோனியம் உப்பும் சேர்த்துச் சுழற்றுவார்கள். இடையில் ஒரு தோலை எடுத்துத் தடித்த இடத்தில் கத்தியால் கீறி, வெட்டுமுகத்தில் பினாப்தலின் சொட்டுவார்கள். நடுவே ரோஜா நிறக் கோடு தெரிந்தால் உள்ளே சுண்ணாம்பு மிச்சம். நிறம் எழாவிட்டால் வேலை முடிந்தது. டிரம் கதவைத் திறக்கையில் கண்ணைக் கரிக்கும் நெடி அமோனியாதான்.

சுண்ணாம்பும் அமோனியம் உப்பும் சேர்ந்து அமோனியா விடுபடுவது பிரீஸ்ட்லி கண்ட அதே வினை. மேற்கு வழிப் பெயரும் கிழக்கு வழிப் பெயரும் இவ்வட்டாரத்தில் நெருங்கி வருகின்றன: மூட்டையில் அமோனியம் குளோரைடு, தெருவில் ஈயம் பூசுபவரிடம் நவச்சாரம், உருது பேசும் வீட்டில் நௌசாதர். மூன்றும் ஒரே சரக்கு.

இந்த உப்பால் கழிவுநீரில் நைட்ரஜன் சுமை ஏறுகிறது. 1996இல் உச்சநீதிமன்றம் டேனரிக் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தபின், கழிவு என்பது இங்கே தள்ளிப்போடக்கூடிய பேச்சாக இல்லை. கரியமில வாயுவைச் செலுத்திச் சுண்ணாம்பு நீக்கும் முறையில் அமோனியம் உப்புக்கு வேலை வெகுவாகக் குறையும். அது பரவினால் இவ்வுப்பைச் சுற்றிய சொற்களும் மறையக்கூடும்; அதற்குமுன் டேனரிகளின் பேச்சுச் சொற்களை, உருதுச் சொற்களோடு சேர்த்து, அகராதிக்காரர்கள் நேரில் வந்து தொகுக்க வேண்டும்.