திருப்புளியிலிருந்து கணினி வரை

குற்றாலச் சாரல் என்றதும் நம் நண்பர்களுக்கெல்லாம் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஞாபகம் வரும். எனக்கோ பெட்ரோல் வாசனைதான் முதலில் வரும்! மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, தென்காசி – குற்றாலம் சாலையில் நான் பயின்ற 'இரண்டாவது கல்லூரி'யைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன்.

1980-களின் நடுப்பகுதி. வகுப்பு முடிந்ததும் அண்ணாச்சியின் பட்டறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். சீசன் நாட்களில் வெளியூர் பிளசர் கார்கள் நனைந்து நின்றுவிடும். அண்ணாச்சி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடைப்பார். வண்டி உயிர் பெறும். கார்புரேட்டர் ட்யூனிங் என்றால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். கையில் ஒரு திருப்புளி, காது என்ஜினிடம். "சத்தத்தைக் கேளுடே, அதுவே சொல்லும்" என்பார்.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் வேறொரு சரித்திரமும் நடந்துகொண்டிருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், 796 சி.சி. மாருதி 800 என்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதில் ஓட்டிப் பழகிய நம் கோவைத் தம்பி நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அந்த வெற்றியைப் பார்க்க கரிவர்தன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கணினி என்ஜினுக்குள் நுழைந்த கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்கு பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பைத் தந்தது. 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஒரே கணினி கவனிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி புகை விதிகள் இறுகியபோது, கார்புரேட்டர் மெல்ல விடைபெற்றது. "இனி நமக்கு வேலை இல்லடே. திருக ஸ்க்ரூவே கெடையாது!" என்றார் அண்ணாச்சி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் கோவையில் வேலையில் இருந்தேன். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே ஒரு பழைய எஸ்டீம் வாங்கி, கேம்ஷாஃப்டையும் எக்ஸாஸ்டையும் மாற்றினேன். என்ஜின் மூச்சு விடும் விதம் மாறினால் கணினியின் கணக்கும் மாற வேண்டும் அல்லவா? அதற்கு வழி மூன்று. கம்பெனிக் கணினியிலேயே புதிய கணக்கை ஏற்றலாம். அதன்மேல் சிறு துணைப்பெட்டி வைத்துத் தகவலைத் திருத்தலாம். அல்லது அதை எடுத்துவிட்டுத் தனிக் கணினியே பூட்டலாம். முதலாவது செலவு குறைவு, ஆனால் எல்லாக் காருக்கும் வழி கிடைக்காது. இரண்டாவது எளிது, ஆனால் எல்லை உண்டு. மூன்றாவதில் முழுச் சுதந்திரம், முழுப் பொறுப்பும் நம்முடையதே.

ஆசை யாரை விட்டது! மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாமல், நண்பர் ஒருவர் காரின் கணக்கை அப்படியே நகல் எடுத்து ஏற்றினேன். அவருடைய இன்ஜெக்டர் பெரியது, என்னுடையது சிறியது என்பதை மறந்தேன். அதே நேரம் திறந்தாலும் என் என்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகவே போயிற்று. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது சமநிலைக் கணக்கு. முழு வேகத்தில் பெட்ரோல் அதைவிடக் கூடுதலாக வேண்டும். சாதாரண ஆக்சிஜன் சென்சார் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே சொல்லும். சரியாக அளக்கும் 'வைட்பேண்ட்' சென்சாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். விளைவு? நாலாவது சுற்றில் பிஸ்டன் உருகியது. ஆறு மாதச் சேமிப்பு புகையாகப் போனது!

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பிஸ்டனையும் பிளக்கையும் அண்ணாச்சியிடம் காட்டினேன். பிளக்கை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெள்ளை வெளேர்னு இருக்கு பாரு தம்பி. பெட்ரோல் பத்தாம வெந்திருக்கு. ஒன் கம்ப்யூட்டர் இதச் சொல்லலியா?" என்றார்.

கம்ப்யூட்டர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து மறுபடி அரிச்சுவடி படித்தேன். முதலில் பதிவுகளை வாசிப்பது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதை அளப்பது, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. அண்ணாச்சிக்கு நான் ஸ்கேனர் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர் எனக்கு பிளக் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். யாருக்கு லாபம் அதிகம் என்று கேட்டால் எனக்குத்தான்! பட்டறையை இன்று அவர் மகன் நடத்துகிறார். மேஜைமேல் ஸ்கேனர், பக்கத்திலேயே அந்தப் பழைய திருப்புளி.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வண்டியைக் கம்பெனி அமைப்புக்கு மாறாக மாற்றிச் சாலையில் ஓட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆசை இருந்தால் தடத்துக்குப் போங்கள். எந்தக் கணினி வாங்குவது என்பதைவிட, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர யார் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். மற்றவர் விடைத்தாளை நகல் எடுத்தால் என்ன ஆகும் என்று நம் பேராசிரியர்கள் சொன்னபோது நான் கேட்கவில்லை. பிஸ்டன் சொன்னபோதுதான் கேட்டேன்!