மைக்கன் பயிற்சி

மைக்கன் பயிற்சி என்பது கூடைப்பந்தாட்டத்தில் கூடைக்கு மிக அருகிலிருந்து பந்தை இரு கைகளாலும் தவறாமல் வளையத்துக்குள் இடும் திறனை வளர்க்கும் அடிப்படைப் பயிற்சி ஆகும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் மைக்கனின் (1924–2005) பெயரால் இது அழைக்கப்படுகிறது. ஒரு பந்தும் ஒரு கூடையும் இருந்தால் போதும். துணைக்கு வேறொருவர் இன்றித் தனியாகவும் செய்யலாம்.

வரலாறு

1940களின் தொடக்கத்தில் மிக உயரமானவர்கள் கூடைப்பந்தாட்டத்துக்கு ஏற்ற வேகமும் லாவகமும் அற்றவர்கள் என்ற கருத்து பரவலாக இருந்தது. 6 அடி 10 அங்குல உயரமும் தடித்த மூக்குக்கண்ணாடியும் கொண்ட மைக்கனும் அவ்வாறே கருதப்பட்டார். 1942இல் சிக்காகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற ரே மேயர், அவருக்குத் தனிப் பயிற்சி அளித்தார். கயிறு தாண்டுதல், நடனம் ஆகியவற்றுடன், வலக்கையாலும் இடக்கையாலும் மாறி மாறிக் கொக்கி எறிவுகளை எறிவதும் அதில் அடங்கும்.

பின்னர் மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ் அணியின் நடு ஆட்டக்காரராக விளையாடிய மைக்கன், 1949, 1950, 1952, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி வாகை சூடக் காரணமானார். கூடையின் அருகே அவரைத் தடுப்பது கடினமாக இருந்ததால், 1951இல் என்.பி.ஏ. கூட்டமைப்பு கூடைக்கு முன்னுள்ள தடத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியது.

செய்முறை

1. ஆட்டக்காரர் பந்தை இரு கைகளாலும் முகவாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு கூடையின் கீழ் நிற்பார்.
2. இடக்காலை வலப்பக்கமாக எடுத்து வைத்து, அக்காலால் உந்தி எழும்பி, வலக்கையால் பந்தைப் பின்பலகையில் பட்டு வளையத்துள் விழுமாறு இடுவார்.
3. வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் படுமுன் பிடிப்பார்.
4. உடனே வலக்காலை இடப்பக்கமாக எடுத்து வைத்து எழும்பி, இடக்கையால் இடுவார்.

இவ்வாறு நிறுத்தாமல் மாறி மாறித் தொடரவேண்டும். முதலில் மெதுவாகச் செய்து, கால்வைப்புச் சீரான பின்னரே வேகத்தைக் கூட்டுவது நன்று. குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை பந்து கூடைக்குள் விழுந்தது என எண்ணி முன்னேற்றத்தை அறியலாம்.

கவனிக்க வேண்டியவை

பந்தை இடுப்பளவுக்குத் தாழ்த்துதல் பொதுவான தவறு ஆகும். ஆட்டத்தின்போது தாழ்த்தப்பட்ட பந்தை எதிரணியின் குள்ளமான காப்பாளரும் எளிதில் தட்டிவிடுவார். மேலும், பந்தை மீண்டும் உயர்த்த ஆகும் நேரத்தில் எதிரணியினர் சூழ்ந்துகொள்வர்.

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் விட்டம் சுமார் 45 செ.மீ., பந்தின் விட்டமோ சுமார் 24 செ.மீ. மட்டுமே. எனினும் வளையத்தின் நேர் கீழிலிருந்து பந்தை உள்ளே செலுத்த வழியில்லை. பக்கவாட்டிலிருந்து பின்பலகையில் பட்டுத் திரும்பச் செய்வதே எளிது. இதற்குப் பின்பலகையில் வரையப்பட்டுள்ள செவ்வகத்தின் அருகிலுள்ள மேல்மூலை நல்ல இலக்காகும்.

வேறு வடிவங்கள்

கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைத் தலைக்குப் பின்புறமாகப் பலகையில் இடுவது தலைகீழ் மைக்கன் பயிற்சி எனப்படும். இரு கால்களாலும் ஒருசேர எழும்பி இடுவது மற்றொரு வடிவம். மோதலுக்கு இடையிலும் நிலைகுலையாதிருக்க இது உதவும்.

பயன்

வலக்கையால் மட்டும் இடத் தெரிந்தவரை, அப்பக்கத்தை அடைப்பதன் மூலம் எதிரணியினர் எளிதில் தடுத்துவிடுவர். இரு கைகளும் பழகியவர் காப்பாளர் நிற்கும் பக்கத்துக்கு மறுபக்கக் கையைப் பயன்படுத்தலாம். எனவே இது உயரமான நடு ஆட்டக்காரர்களுக்கு மட்டுமன்றி, எல்லா நிலை ஆட்டக்காரர்களுக்கும் கற்பிக்கப்படுகிறது.