புற்றுக்காளான்: வரையறையும் இனங்காணலும்

1. வரையறை

கறையான் புற்றினுள் வாழும் பூஞ்சை, மழைக்காலத்தில் மண்ணுக்கு மேலே எழுப்பும் வித்துடலே புற்றுக்காளான். வித்துடல் என்பது வித்துகளை உண்டாக்கிப் பரப்பும் உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மண்ணடியில் இழைகளாய்ப் பரந்து கிடக்கிறது. இக்காளான்களுக்கென டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினத்தை 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் வகுத்தார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை மண்ணை நனைத்த பின் தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் இவற்றைக் காணலாம். அம்மாவட்டத்தின் பாலோட்டில் 1979-இல் நிறுவப்பெற்ற ஜவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் கேரளத்தின் குடைக்காளான்களை ஆராய்ந்து வருகிறது.

2. மண்ணடி உறவு

வேலைக்காரக் கறையான்கள் பட்ட மரத்தையும் சருகையும் தின்று, அரைகுறையாய்ச் செரித்த கழிவால் பஞ்சுபோன்ற ஓர் அமைப்பைக் கட்டுகின்றன. இதைப் பூஞ்சைக்கூடு என்போம். மரத்தின் கடினப் பொருளான லிக்னினைப் பூஞ்சை சிதைக்கிறது. அவ்வாறு பதப்பட்ட கூட்டின் பழைய பகுதியைக் கறையான் உண்கிறது. கூட்டிலிருந்து தரைவரை நீளும் தண்டின் அடிப்பகுதிக்குப் போலிவேர் என்று பெயர். வேரைப்போல் தோன்றினும் அது உணவை உறிஞ்சுவதில்லை; ஆழத்தில் பிறந்த குடையை வெளியே கொண்டுவருவதே அதன் பணி. இறுகிய மண்ணைத் துளைக்க ஏற்றவாறு குடையின் உச்சி கூம்பியிருக்கும், இது துளைமுனை.

3. இருவகை

முதல்வகை, போலிவேர் நீண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கா. நடராஜன் 1979-இல் விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹைமி இதைச் சேர்ந்தது. வெண்குடையும் தண்டில் தடித்த வளையமும் கொண்டது. மற்றது டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்ப்பஸ்: விரல்நகம் அளவே உள்ள குடைகள், நூற்றுக்கணக்கில் தரையை மூடி எழும். மலையாளிகள் இதை அரிக்கூண் என்பர். கறையான்கள் பூஞ்சைக்கூட்டின் துணுக்குகளை மேலே கொணர்ந்து பரப்ப, அவற்றிலிருந்து இது முளைப்பதால் நீண்ட போலிவேருக்குத் தேவையே எழவில்லை.

4. மயக்கம் தரும் போலி

குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் புல்வெளிகளில் தோன்றும் நச்சுக்காளான். உண்டால் ஓரிரு மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். இதற்கும் வெண்குடை உண்டு, தண்டில் வளையமும் உண்டு. குடையின் அடியில் ஆரமாய் அமைந்த மெல்லிய தகடுகளைச் செவுள்கள் என்போம். இளம்பருவத்தில் இதன் செவுள்களும் வெள்ளையே. முதிர்ந்த பின்னரே அவை பச்சைச் சாயல் பெறும். எனவே வளையத்தையும் வெண்மையையும் கொண்டு முடிவுசெய்வது பெரும்பிழை. வெள்ளிக்காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்னும் சோதனைகளுக்கும் நச்சுக்கும் எத்தொடர்பும் இல்லை. குடையின் வருணனையோடு இனங்காணலைத் தொடங்கும் வழக்கமே இம்மயக்கத்துக்கு இடந்தருகிறது என்பது நம் கருத்து. மண்ணிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

5. நோக்கும் முறை

முதற்படி, தோண்டுதல். தண்டைப் பிடித்து இழுத்தால் போலிவேர் அறுந்து, சான்றின் பாதி மண்ணிலேயே தங்கிவிடும். ஒருபுறமாகக் குழி பறித்து, தண்டு மெலிந்து இறங்கும் தடத்தைப் பின்தொடர வேண்டும். போலியின் தண்டு தரையருகிலேயே சற்றுப் பருத்து முடிந்துவிடும்.

இரண்டாம் படி, வித்தச்சு. செவுள்களிலிருந்து உதிரும் வித்துகள் தாளில் படியும் தூள்வடிவமே இது. விரிந்த குடையைத் தண்டு நீக்கி, செவுள் கீழ்நோக்க வெள்ளைத் தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட வேண்டும். காலையில் குடையை எடுத்தால் செவுள்களின் ஆரக்கோடுகள் தூளால் வரைந்தாற்போல் நிற்கும். புற்றுக்காளானுக்கு அது வெளிர் இளஞ்சிவப்பு. போலிக்கு மங்கிய பச்சை. முதிராத குடை அச்சே தராது.

போலிவேர் குட்டையான அரிக்கூணில் முதற்படி உதவாது. அடிமண்ணில் பூஞ்சைக்கூட்டின் துணுக்குகள் உள்ளனவா எனப் பார்த்து, அச்சின் நிறத்தோடு சேர்த்து முடிவுசெய்ய வேண்டும். இவ்விரண்டில் ஒன்று கிட்டாதபோதும் குறிப்பேட்டில் ‘இனம் உறுதியாகவில்லை’ என்றே எழுதுக. அக்காளான் அடுக்களைக்குப் போகலாகாது.